டி-ஷார்ப்பில் ஒரு வண்டு

பெர்கனில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வார்கள்.
மூன்றாம் மாடி வரை என் கருவிப்பெட்டி
சொட்டிக்கொண்டே வந்தது.

கதவைத் திறந்த தூர்பியோர்க் ஹெல்லே
வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.
"டி-ஷார்ப். நடுவில் இருப்பது.
தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி."

முப்பத்தோரு வருஷம்
சரக்குக் கப்பல்களின் ரேடியோ அறையில் இருந்தவர்.
புயலின் கரகரப்புக்குள் கைவிட்டு
ஒரு புள்ளி, ஒரு கோடு என்று
ஆட்களைப் பொறுக்கி எடுத்த காது அது.
அந்தக் காதைத்தான்
முதலில் வந்த ஸ்வெர்ரே "வயதாகிறது" என்றாராம்.
இரண்டாவதாக வந்தவர் எதுவும் சொல்லவில்லை,
சிரித்தாராம்.
அவருக்குக் காசு கொடுக்கவில்லை.

ஒரு நோட்டை நீட்டினார்.
கப்பல் பதிவேடு போல ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது.
அக்டோபர் ஒன்பது: உண்டு.
பத்து: உண்டு. ஹீட்டரை அணைத்தும் உண்டு.
பதினான்கு: மனப்பாடமாக வாசித்தேன். இல்லை.
பதினைந்து: தாள் பார்த்து வாசித்தேன். உண்டு.

தாள் வைக்கும் பலகைதான், வேறென்ன?
ஸ்வெர்ரேயும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.
கீல் முழுக்க அவருடைய பசை.

முன்பலகையைக் கழற்றினேன்.
சுத்தியல் வரிசைக்குள் டார்ச்சை நுழைத்தேன்.
கடித்துத் துப்பிய பென்சில் துண்டு.
கொண்டை ஊசி.
நடுவில் ஓட்டை போட்ட ஒரு குரோன் காசு.
ஒவ்வொன்றை எடுக்கும்போதும்
இதுதான் என்று நிமிர்ந்தேன்.
அவர் உட்கார்ந்து வாசித்துவிட்டு
"உண்டு" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை.
அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சுவரிலிருந்த படங்களை இறக்கி
சோபாவில் குப்புறப் படுக்கவைத்தேன்.
கரண்டிகளைத் துண்டில் சுற்றினோம்.
ஜன்னல் கண்ணாடியை இரு கையாலும் அழுத்திக்கொண்டு
திருடனைப் பிடித்தவன் போல
"இப்போது?" என்றேன்.
"உண்டு."

நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
லேசாகக் கேட்கிறது, ஆமாம், ஆமாம் என்று
ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு
படியிறங்கிவிடலாமா என்றிருந்தது.

என் கண்ணாடி கீழே, காரில்.
பதிவேட்டின் பொடி எழுத்தை இன்னொரு முறை பார்க்க
அவருடையதை வாங்கி மாட்டிக்கொண்டேன்.
ஒரு கை பக்கத்தைப் புரட்ட
மறுகையின் விரல், சும்மா,
டி-ஷார்ப்பில் விழுந்தது.

வண்டு
என் மண்டைக்குள் பறந்தது.

காதில் இல்லை. எலும்பில்.
இரு புருவங்களும் சந்திக்கும் இடத்துக்குக் கீழே.
மறுபடி அடித்தேன்: ர்ர்ர்.
மூக்கின் மேல் விரலை வைத்தேன்.
நின்றது.
எடுத்தேன்: ர்ர்ர்.
வியந்து போனவர்கள் விரல் வைக்கும்
அதே இடம்.

மூக்குத் திண்டைப் பிடித்திருந்த
எள்ளில் பாதி ஸ்க்ரூ, அரைச் சுற்று தளர்ந்திருந்தது.
செப்டம்பர் கடைசியில் வாங்கிய கண்ணாடியாம்.
தாள் பார்க்க மட்டும் போடுவாராம்.

என்னிடமிருந்த ஸ்க்ரூடிரைவர்கள் எல்லாம்
அதற்கு முன்னால் கடப்பாரைகள்.
அவருடைய பழைய ரேடியோ டப்பாவிலிருந்து
ஊசி போல ஒன்று வந்தது.
அவரே திருகினார். கை நடுங்கவில்லை.
பிறகு ஒரு பக்கம் முழுக்க வாசித்தார்,
நிறையத் தவறுகளோடு,
டி-ஷார்ப் வரும்போதெல்லாம்
கொஞ்சம் கூடுதலாக அழுத்தி.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
பதிவேட்டைத் திறந்தார்.
நவம்பர் இருபத்தேழு, 16.40: இல்லை.
பேனாவை என் பக்கம் தள்ளினார்.
"நீயும் கேட்டாய் என்று எழுது.
கையெழுத்துப் போடு."

போட்டேன்.

ஸ்வெர்ரேயின் பசையைச் சுரண்ட அரை மணி ஆனது.
படங்களை மாட்டினேன், ஒன்று இன்னும் சாய்ந்தே இருக்கிறது.
வாசலில் காசை எண்ணிக் கொடுத்தார்,
ஓட்டைக் குரோனையும் கணக்கில் சேர்த்து.
ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த இரண்டு பேருக்கும்
ஃபோன் பண்ணுவது நீயா, நானா?"

ரிசீவர் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.